பொப் பாடகருக்குப் புள்ளியிடல்

சென்ற ஆண்டு எங்கள் பகுதிப் பாடசாலைகள் சில ஒன்றுகூடி நடத்திய கலைவிழாவிலே, பொப் இசைப் போட்டிக்கு நடுவராக அமரும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். நான் ஒரு பாடசாலை அதிபர். தமிழும் வரலாறும் கற்றுப் பட்டம் பெற்றவன். இளமையில் வானொலிப் பெட்டியருகே அமர்ந்து கேட்ட கேள்வியறிவைத் தவிர, இசையில் எனக்கு வேறு தகுதி இல்லை. ஆயினும் அதிபர் ஒருவர் நடுவர் இருக்கையில் இருப்பது விழாவுக்கு அழகு என்று கருதினார்கள் போலும். நானும் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் ஒரு பிழையிலிருந்து தப்பியிருப்பேன்.

எனக்குத் தரப்பட்ட புள்ளித்தாளில் மூன்று நிரல்கள் இருந்தன. குரல் வளத்துக்கு 40 புள்ளி, தோற்றத்துக்கும் மேடைப்பாங்குக்கும் 30, பாடற்பொருளுக்கு 30. பார்த்தவுடன் நேர்த்தியான ஏற்பாடு என்றே தோன்றியது. போட்டியில் ஒரு மாணவன் மினுமினுக்கும் மேலங்கியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து வந்து, உச்சக் குரலில் ஒரு துள்ளிசைப் பாடலைப் பாடி மண்டபத்தை அதிரவைத்தான். குரலுக்கு அவனுக்கு 36 புள்ளி இட்டேன். அவனுக்குப் பின்னர், பாடசாலைச் சீருடையோடு ஒரு மாணவி வந்தாள். கார்ப்பென்ரர்ஸ் என்ற அமெரிக்க இசைக்குழுவினர் 1970களில் பாடிய பாடலொன்றைத் தாழ்ந்த குரலில், கையைக்கூட அசையாது, பாடி முடித்துவிட்டுப் போனாள். அவளுக்கு 18 புள்ளி. “குரல் எழவில்லை” என்று அருகில் குறிப்பும் எழுதினேன்.

சில நாட்களின் பின் எங்கள் சங்கீத ஆசிரியை என் அறைக்கு வந்து, “சேர், கண்ணை மூடிக்கொண்டு இதைக் கொஞ்சம் கேளுங்கோ” என்று தமது கைத்தொலைபேசியை மேசைமேல் வைத்தார். அன்றைய போட்டியின் ஒலிப்பதிவு அது. அந்த மாணவனின் பாடலில் என்னை மயக்கிய உச்சக் குரல் அவனுடையதன்று. பின்னணி இசைத்தட்டிலே மூலப் பாடகரின் குரல் அழியாமல் இருந்திருக்கிறது. அதையே நான் கேட்டிருக்கிறேன். பையனை நான் குறைகூறமாட்டேன். அப்படிப்பட்ட இசைத்தட்டைப் பயன்படுத்தலாகாது என்று எவரும் அவனுக்குச் சொல்லவில்லை. அடுத்து அந்த மாணவியின் குரல் வந்தது. சுருதி விலகவில்லை, மூச்சு இடறவில்லை, ஒவ்வொரு சொல்லும் செவிக்கு அருகே வந்து நின்றது. நான் ஆசிரியையை நிமிர்ந்து பார்க்கவில்லை.

நேயர்களே, அன்று தொடங்கி நான் கேட்டும் படித்தும் சிந்தித்தும் அறிந்தவற்றையே இன்று உங்களிடம் கூற வந்தேன்.

முதலிலே குரல். குரல் வளம் என்றால் மண்டபத்தை நிறைக்கும் குரல் என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றிக் கிடக்கிறது. ஒலிவாங்கி இல்லாத காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. நாடகக் கொட்டகையின் கடைசி வரிசையில் இருப்பவனுக்குக் கேட்காத குரல் குரலே அல்ல. இசைத்தட்டுப் பதிவும் தொடக்கத்தில் அவ்வாறே நடந்தது. பெரிய கூம்பு ஒன்றின் வாயினுள் பாடகர் உரத்துப் பாடவேண்டும். 1925ஆம் ஆண்டளவில் மின்னொலிப் பதிவு வந்தது. ஒலிவாங்கி பெருமூச்சையும் முணுமுணுப்பையும்கூடப் பிடித்துக்கொண்டது. அதன் பின்னரே பிங் குறொஸ்பி போன்றோர், ஒருவர் காதோடு பேசுவதைப் போலப் பாடத் தலைப்பட்டனர். இப்புதிய முறை பலருக்குச் சினமூட்டியது. 1932ஆம் ஆண்டில் பொஸ்ரன் நகரத்துக் கர்தினால் ஓகொனல், இஃது ஆண்மைக்குத் தகாத இழிந்த கலை என்ற பொருள்படக் கண்டித்தார். “குரல் எழவில்லை” என்று நான் எழுதிய குறிப்புக்கும் கர்தினாலின் கோபத்துக்கும் உறவு உண்டு என்றே நினைக்கிறேன். இருவரும் ஒலிவாங்கிக்கு முந்திய காலத்து அளவுகோலைக் கையில் வைத்திருந்தோம். அவருக்காவது அது புதுமை. எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

அப்படியானால் பொப் பாடகரின் குரலில் எதைக் கேட்பது? சுருதி வழுவாமையும் மூச்சின் ஆட்சியும் முதலில் வேண்டும். பிறாங் சினாற்றா 1940களின் தொடக்கத்திலே ரொமி டோர்சி என்பவரின் வாத்தியக் குழுவில் பாடி வந்தார். டோர்சி துரொம்போன் என்னும் பித்தளைக் குழலை ஊதும்போது எங்கே மூச்சு வாங்குகிறார் என்பதே தெரியாது. அதைக் கூர்ந்து கவனித்தே நீண்ட வாக்கியத்தை முறியாமற் பாடத் தாம் பழகிக்கொண்டதாகச் சினாற்றா சொல்லியிருக்கிறார். அடுத்தது, சொல் எந்தக் கணத்தில் விழுகிறது என்பது. பில்லி ஹொலிடேயின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயிக்குச் சற்று மேலே மட்டுமே சென்றது என்பர். என் புள்ளித்தாளில் அவருக்கும் 18தான் கிடைத்திருக்கும். ஆனால் தாளத்துக்கு ஒரு கணம் பிந்தி அவர் சொல்லை வைக்கும்போது, அந்தத் தயக்கத்துக்குள்ளே ஒரு வாழ்க்கை முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

ஒரே பாடலை இருவர் பாடக் கேட்பது செவிக்கு நல்ல பயிற்சி. டொலி பார்ட்டன் என்பவர் அமெரிக்க நாட்டுப்புற மெட்டுக்களைப் பாடுபவர், பாடல் இயற்றுபவருங்கூட. தம்மை வளர்த்துவிட்ட மூத்த கலைஞர் ஒருவரைப் பிரிந்து தனிவழி செல்ல நேர்ந்தபோது, அவருக்கு விடைகூறும் பாடலொன்றை இயற்றி, 1974இல் இசைத்தட்டாக வெளியிட்டார். ‘ஐ வில் ஓல்வேய்ஸ் லவ் யூ’ என்பது அதன் தலைப்பு. பார்ட்டனின் பதிவு அடக்கமானது. நடுவே சில அடிகளைப் பாடாமல் பேசியே விடுகிறார். 1992இல் ஒரு திரைப்படத்துக்காக விற்னி ஹூஸ்ரன் அதையே பாடினார். வாத்தியம் எதுவுமின்றித் தனிக்குரலிலே தொடங்கி, இறுதியில் ஒரு மலையையே தூக்கி நிறுத்துவதைப் போன்ற உச்சத்துக்குக் கொண்டுபோனார். அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 14 வாரங்கள் அது முதலிடத்தில் இருந்தது. எது சிறந்த குரல் என்று என்னைக் கேட்டால் நான் விடை சொல்லமாட்டேன். ஒருத்தி வாசற்படியில் நின்று விடைபெறுகிறாள். மற்றவள் வானம் கேட்க விடைபெறுகிறாள். தான் எடுத்துக்கொண்ட காரியத்துக்கு ஒவ்வொரு குரலும் முற்றாகப் போதுமானது. ஹூஸ்ரனைப் போலப் பாட முயன்று தொண்டையைக் கிழித்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பள்ளி மேடைகளிலே கண்டிருக்கிறேன். பார்ட்டனைப் போலப் பாட முயன்ற பிள்ளை ஒன்றையும் இதுவரை நான் காணவில்லை.

இக்காலத்துக் குரலைப் பற்றி இன்னுமொன்று சொல்லவேண்டும். எண்ணெய் வளம் தேடுவதற்காக நிலத்துள் செலுத்தும் அதிர்வுகளை ஆராய்ந்து வந்த அன்டி ஹில்டிபிறான்ட் என்ற அமெரிக்கப் பொறியியலாளர், அந்தக் கணக்கறிவைக் கொண்டு, பிசகிய சுருதியைத் திருத்தும் கணினி முறையொன்றை 1997இல் வெளியிட்டார். ‘ஓட்டோ ரியூன்’ என்று அதற்குப் பெயர். மறு ஆண்டே ஷேர் என்ற பாடகி தமது பாடலொன்றில் அதை மறைக்காமல், வேண்டுமென்றே வெளிப்பட நடுங்கும் ஒரு விந்தைக் குரலாகக் கையாண்டார். அஃது ஓர் அலங்காரம். அதில் ஏமாற்று இல்லை. ஆனால் திருத்தியதே தெரியாமல் திருத்தப்பட்ட இசைத்தட்டைக் கேட்டுவிட்டு, “என்ன சுத்தமான சுருதி!” என்று நாம் பாடகரைப் போற்றுவது, கையெழுத்து அழகாயிருக்கிறதென்று அச்சுக்கூடத்தாரைப் பாராட்டுவதைப் போன்றது. பாடகர் மேடையில், உண்மையாகவே பாடும் இடத்திற் கேட்டபின் மதிப்பிடுவது பாதுகாப்பு.

இனித் தோற்றம். இசைக்குத் தோற்றம் எதற்கு என்று தள்ளிவிடுவோர் உளர். நான் அந்தக் கட்சியைச் சேர்ந்தவன் அல்லன். மாதவியை அறிமுகம் செய்யும் இளங்கோவடிகள், ஆடல், பாடல், அழகு ஆகிய மூன்றிலும் குறைவற்றவள் என்றே செப்புகின்றார். அவள் பன்னிரண்டாம் வயதில் அரங்கேறித் தலைக்கோலும் ஆயிரத்தெட்டுக் கழஞ்சும் பெற்றபோது, அழகும் கணக்கில் இருந்தது. எனினும் அதே அரங்கேற்று காதையில் ஆடலாசிரியன், இசையாசிரியன், பாட்டியற்றும் புலவன், தண்ணுமை, குழல், யாழ் வல்லோர் ஒவ்வொருவரின் இலக்கணமும் வெவ்வேறாகப் பேசப்படுகின்றது. ஒருவர் தகுதியை மற்றவர் கணக்கில் எழுதுவதில்லை. இந்தச் சிறு ஒழுங்கைத்தான் நாம் மறந்துவிட்டோம்.

எல்விஸ் பிறெஸ்லி இடுப்பை அசைத்துப் பாடியது பெருங் குற்றமாகப் பேசப்பட்டு, 1957 சனவரியில் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் அவரை இடுப்புக்கு மேலே மட்டுமே காட்டினார்கள். இன்று நமக்கு அது வேடிக்கை. ஆனால் தோற்றத்தின் கதை எல்லோருக்கும் வேடிக்கையாக முடிவதில்லை.

அந்த மாணவி பாடிய பாடலுக்குரியவரான கேரன் கார்ப்பென்ரர் முதலில் ஒரு தாளவாத்தியக் கலைஞர். அண்ணன் ரிச்சட் பியானோ வாசிக்க, தங்கை மேளத் தொகுதியின் பின்னால் அமர்ந்து அடித்துக்கொண்டே பாடுவார். அவருடைய குரல் பெண்களுள் அரிதான தாழ்ந்த குரல். 1970இல் வெளிவந்த பாடலொன்று அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. 1971இல் சிறந்த புதுக்கலைஞருக்கான கிறமி விருதும் இருவருக்கும் கிடைத்தது. புகழ் வந்ததும் ஒரு சிக்கல் முளைத்தது. மேளங்களுக்குப் பின்னால் சிறிய உருவமுள்ள பாடகி சபையோருக்குத் தெரியவில்லை. எழுந்து முன்னே வந்து நின்று பாடும்படி வற்புறுத்தினார்கள். அவருக்கு அதில் விருப்பமில்லை. மேளத்தையே தமது இடமாகக் கருதியிருந்தார். ஆயினும் வந்து நின்றார். காலப்போக்கில் ‘அனொரெக்சியா நெர்வோசா’ என்னும், உணவை மறுத்து உடலை மெலியச் செய்யும் நோய்க்கு ஆளாகி, 1983 பெப்ரவரி 4ஆம் நாள் 32ஆம் வயதில் இறந்தார். அந்நோய்க்கு ஒரே காரணம் கூறுவது மருத்துவ நியாயம் ஆகாது. மேடைதான் அவரைக் கொன்றது என்று நான் சொல்லவரவில்லை. கேட்பதற்கென்றே அமைந்த ஒரு குரலைப் பார்ப்பதற்காக முன்னே இழுத்தார்கள் என்பதை மட்டுமே சொல்கிறேன். மேசையிலே கிடந்த என் புள்ளித்தாளில் தோற்றத்துக்கு 30 புள்ளி ஒதுக்கியிருந்ததை அப்போது மீண்டும் எடுத்துப் பார்த்தேன்.

அதே கிறமி விருது 1990ஆம் ஆண்டு பெப்ரவரியில் மில்லி வனில்லி என்ற இருவருக்குக் கிடைத்தது. ரொப் பிலற்றஸ், பாப் மோர்வன் என்ற அவ்விளைஞர்கள் நீண்ட சடைமுடியும் கட்டான உடலுமாக மேடையில் ஆடினார்கள். முந்திய ஆண்டில் அமெரிக்க மேடையொன்றில் அவர்கள் ‘பாடிக்கொண்டிருந்த’ வேளையில், ஒலிப்பதிவு தடக்கி ஒரே அடியைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கிவிட்டது. 1990 நவம்பரில் முழு உண்மையும் வெளிவந்தது. இசைத்தட்டில் ஒலித்தவை வேறு பாடகர்களின் குரல்கள். அக்குரல்களுக்கு உரியோர் மேடைக்கேற்ற உருவம் உடையவர்கள் அல்லர் என்று கருதி, இவ்விருவரையும் முன்னே நிறுத்தியவர் பிறாங் பாரியன் என்ற ஜேர்மானியத் தயாரிப்பாளர். விருது மீளப் பெறப்பட்டது. உலகம் அவ்விளைஞர்களை எள்ளி நகையாடியது. பிலற்றஸ் 1998இல் இறந்து போனார்.

இங்கே என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்த செய்தி ஒன்றுண்டு. எங்கள் சிறுபராயத்தில் தேநீர்க்கடைகளிலும் கலியாண வீடுகளிலும் முழங்கிய பொனி எம் குழுவையும் உருவாக்கியவர் இதே பாரியன்தான். அக்குழுவில் நடுநாயகமாகத் துள்ளியாடிய பொபி பரல் என்பவரின் கனத்த ஆண்குரல் என்று நாம் நம்பியது, இசைத்தட்டிலே பாரியனின் குரல். பெண்கள் மூவரிலும் இருவரே பதிவிற் பாடினர். அதற்காக எவரும் பொனி எம் இசைத்தட்டுக்களைத் தெருவிற் போட்டு உடைக்கவில்லை. ஒரே செயலுக்கு ஏன் இரண்டு நீதி? பொனி எம்மிலே மனிதர் ஆட்டத்தையும் கொண்டாட்டத்தையும் வாங்கினார்கள். மில்லி வனில்லிக்கோ பாடியதற்கென்று விருதே கொடுத்துவிட்டார்கள். கொடுத்த நடுவர்களின் வெட்கம் அவ்விருவர் தலையிலே இறங்கியது. நடுவர் இருக்கையிலிருந்து எழுந்தவன் என்ற முறையில், அந்த வெட்கத்தின் சுவை எனக்கு ஓரளவு தெரியும்.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியும் உண்டு. 2009 ஏப்பிரலில் பிரித்தானியத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில், ஸ்கொற்லாந்துக் கிராமத்துப் பெண்மணி சூசன் பொயில் மேடையேறினார். நடுத்தர வயது, எளிய உடை, படியாத முடி. அவர் வாய் திறக்கும்வரை சபையில் ஏளனப் புன்னகை. திறந்தபின் எழுந்து நின்ற கரகோசம். உலகமெங்கும் கோடிக்கணக்கானோர் அக்காட்சியைப் பார்த்துக் கண் கலங்கினர். குரல் தோற்றத்தை வென்றது என்றார்கள். அவ்வளவு எளிதாக அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அதே குரலை அழகிய இளநங்கை ஒருத்தி பாடியிருந்தால் அது செய்தியாகியிருக்குமா? அன்றும் நாம் தோற்றத்தையே பார்த்தோம். வியப்போடு பார்த்தோம், அவ்வளவே. இறுதிப் போட்டியில் அவருக்கு இரண்டாம் இடமே கிடைத்தது. முதலிடம் ஓர் ஆடற்குழுவுக்குச் சென்றது. அடுத்த ஆண்டு நெதர்லாந்தில் தொடங்கிய ‘த வொய்ஸ்’ போட்டியிலே, நடுவர்கள் பாடகருக்கு முதுகு காட்டி அமர்ந்து கேட்கும் ஏற்பாட்டைச் செய்தனர். நல்ல ஏற்பாடு. பிந்திய சுற்றுக்களில் நாற்காலி திரும்பித்தான் இருக்கிறது என்பது வேறு கதை.

மூன்றாவது நிரல் பாடற்பொருள். என் பெரும் மடமை இதில்தான் இருந்தது. யாரோ எழுதிய வரிகளுக்கு, அதைப் பாடிய பிள்ளைக்கு 30இல் புள்ளி போட்டேன்! பார்ட்டன் தாமே எழுதிப் பாடினார். எழுத்துக்கும் அவருக்குப் புள்ளி உண்டு. ஹூஸ்ரன் எழுதவில்லை, அவர் அப்பொருளை உணர்ந்தாரா என்றே கேட்கலாம். இரண்டும் வெவ்வேறு கேள்விகள்.

பாடல் வரியைத் தாளில் எழுதிப் படித்துவிட்டு, “இதில் என்ன கவிதை இருக்கிறது?” என்று கேட்பது தமிழாசிரியர்களாகிய எங்கள் குலவழக்கம். டிலன் என்ற அமெரிக்கப் பாடகருக்கு 2016இல் இலக்கியத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தபோதும் இந்த வழக்கு எழுந்தது. நம் நாட்டிலும் 1960களின் பிற்பகுதியிலும் 1970களிலும் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் போன்றோர் பேச்சுத் தமிழில் பொப் பாடல்களைப் பாடி வந்தபோது, மாமியும் கள்ளுக்கடையும் மீனும் பாட்டுக்குப் பொருளா என்று பெரியோர் முகஞ் சுளித்தனர். ‘சுராங்கனி’ என்ற பாடலின் பொருள், சுராங்கனி என்பவளுக்கு மீன் கொண்டுவந்திருக்கிறேன் என்பதைவிட அதிகமில்லை. ஆனால் அந்த மீன் சிங்களத்திலும் தமிழிலும் ஒருங்கே நீந்திக் கடல் கடந்து தமிழ்நாடு சென்றது. நூறு அடிச் செய்யுளால் இயலாத பயணம் அது. எளிய சொல், நாவிலே தடக்காத சொல், தாளத்தில் தானாக விழும் சொல். பாடகருக்கு வேண்டிய இலக்கணம் இதுவே.

எளிமை எப்போதும் மேலோட்டமானதும் அன்று. பொனி எம் 1978இல் பாடிப் பரப்பிய ‘ரிவர்ஸ் ஒவ் பபிலோன்’ பாடலுக்கு நாங்கள் பிள்ளைகளாக ஆடியிருக்கிறோம். அதன் சொற்கள் விவிலியத்தின் 137ஆம் சங்கீதத்தைச் சார்ந்தவை. நாடு கடத்தப்பட்ட மக்கள் அந்நிய ஆற்றங்கரையில் அமர்ந்து, சொந்த மண்ணை நினைந்து அழுத புலம்பல். எங்களுக்கு அது தெரியாது. தாளம் மட்டுமே தெரியும். 1995ஆம் ஆண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறித் தென்மராட்சியிலே பலரோடு பலராகத் தங்கியிருந்தோம். மின்சாரம் இல்லை. ஒருவர் சைக்கிள் மிதிக்க, அதன் தைனமோவில் வானொலி பேசியது. ஒரு மாலை எங்கிருந்தோ அந்தப் பாட்டு வந்தது. மிதித்தவர் நிறுத்தவில்லை, ஒருவரும் ஆடவும் இல்லை. பாடற்பொருளுக்குப் புள்ளியிட எந்த நடுவரிடம் அளவுகோல் உண்டு என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

இவ்வாண்டுப் போட்டிக்காகச் சங்கீத ஆசிரியையும் நானும் அமர்ந்து புள்ளித்தாளைத் திருத்தி எழுதியிருக்கிறோம். முதற் சுற்றில் நடுவர்கள் திரைக்குப் பின்னால் இருந்து கேட்பார்கள். பின்னணி இசையில் எவருடைய குரலும் இருத்தலாகாது. பாடகர் தாமே எழுதிய பாடலுக்குத் தனிப் பரிசு உண்டு. பிறர் பாடலைப் பாடுவோருக்கு, அதைப் புரிந்து பாடியமைக்கே புள்ளி. தோற்றத்துக்கு 30 இருந்த இடத்தில் 10 இருக்கிறது. முழுவதும் நீக்கிவிடலாம் என்றார் ஆசிரியை. மாதவியை நினைந்து 10ஐ நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த மாணவி இம்முறை பெயர் கொடுக்கவில்லை. அவளைக் கேட்டுப் பார்க்கும்படி ஆசிரியையிடம் சொன்னேன். மறுநாள் விடை வந்தது: பாடச் சம்மதம், ஆனால் அதிபர் நடுவராக இருக்கக்கூடாது. நான் உடனே உடன்பட்டேன். மண்டபத்தின் கடைசி வரிசையில் எனக்கொரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். ஒலிபெருக்கி அங்கே நன்றாகக் கேட்கும் என்கிறார்கள்.